நகைப்பும் நாணமும்: லெனார்ட் ராஸிட்டரின் நடிப்பு

நாடகத்தில் அழவைப்பவனைக் கலைஞன் என்றும், சிரிக்கவைப்பவனைக் கோமாளி என்றும் அழைப்பது உலக வழக்கு. அழவைப்பவனுக்கு மாலையும் பட்டமும் கிடைக்கும். சிரிக்கவைப்பவனுக்கு அன்றிரவு கைதட்டல் கிடைக்கும். மறுநாள் மறதி கிடைக்கும். இவ்வழக்கு நேர்மையானதன்று. அழுகை பெரும்பாலும் நம்மை நமக்கே நல்லவர்களாகக் காட்டிவிடுகின்றது. பிறர் துயரங்கண்டு கண்ணீர் விட்டோம் என்ற திருப்தியுடன் நாம் வீடு திரும்புகின்றோம். நல்ல நகைச்சுவையோ அத்தகைய திருப்தியை நமக்கு அளிப்பதில்லை. எவனோ ஒரு பேதையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, அப்பேதை நாம்தானோ என்னும் ஐயத்தை அது நெஞ்சில் இட்டுவிடுகின்றது. சிரிப்பு அடங்கியபின் எஞ்சி நிற்கும் அந்த நாணமே நகைச்சுவையின் பெரும்பயன் என்பது என் துணிபு.

இவ்வுண்மையை மேடையிலும் தொலைக்காட்சியிலும் மெய்ப்பித்துச் சென்ற ஆங்கில நடிகர் ஒருவரைப் பற்றி ஈண்டு எழுதப் புகுகின்றேன். அவர் பெயர் லெனார்ட் ராஸிட்டர். 1926-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 21-ஆம் தேதி லிவர்ப்பூல் நகரில் பிறந்தவர். 1984-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 5-ஆம் தேதி, லண்டன் நாடகசாலை ஒன்றில், மேடையேறத் தம் முறைக்காகக் காத்திருந்த வேளையில் உயிர் நீத்தவர். அவருடைய ஐம்பத்தெட்டாவது பிறந்த நாளுக்கு அப்போது பதினாறு நாட்களே எஞ்சியிருந்தன.

ஆங்கில நடிகர் ஒருவரின் சரித்திரம் ரப்பர் மரத்தடியிலும் செம்பனை நிழலிலும் பட்டணத்துத் தெருக்களிலும் வாழும் நமக்கு எற்றுக்கு என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. அதற்கு விடை இரண்டு. முதலாவது, இவர் நடிகராவதற்குமுன் நம்மில் பலரைப்போல் ஒரு கிராணி. ஆறு ஆண்டுகள் இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றின் மேசையில் குனிந்திருந்தவர். செக்ரோலுக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் இடையே காலந்தள்ளும் என்போன்றோர்க்கு இவர் வாழ்க்கை அந்நியமானதன்று. இரண்டாவது விடை இன்னும் முக்கியமானது. ஆங்கிலேயன் என்றால் துரை என்று நம் பாட்டன்மார் தோட்டங்களில் கற்றுக்கொண்டனர். தொப்பியும் கைத்தடியும் உரத்த குரலுமாக நின்ற துரையையே அவர்கள் கண்டார்கள். அத்துரையின் சொந்த நாட்டில், தான் துரையல்லாததை எண்ணி எண்ணி மனம் புழுங்கிய சிறு மனிதர்கள் எத்தனை இலட்சம் பேர் என்பதை அவர்கள் காணவில்லை. அச்சிறு மனிதர்களை அணு அணுவாகப் பிரித்துக் காட்டிய நடிகரே ராஸிட்டர்.

நகை என்னும் மெய்ப்பாட்டுக்கு நான்கு நிலைக்களன்களை வகுத்த தொல்காப்பியர், எள்ளலை முதலாவதாக வைத்தார். பேதைமையையும் மடனையும் பின்னர் வைத்தார். எள்ளல் என்பதைத் தான் பிறரை எள்ளுவது என்றும், தான் பிறரால் எள்ளப்படுவது என்றும் உரைகாரர் இரு கூறாக்கினர். இவ்விரண்டையும் ஒரே மூச்சில், ஒரே முகத்தில் காட்டுதல் எளிதன்று. பிறனை எள்ளத் தொடங்கிய வாக்கியம் முடிவதற்குள் எள்ளியவனே எள்ளலுக்கு இலக்காகிவிட வேண்டும். ராஸிட்டர் வாழ்நாள் முழுதும் செய்த காரியம் இதுவே.

இனி அவர் வரலாற்றைச் சிறிது காண்போம். லிவர்ப்பூலில் வேவர்ட்ரீ என்னும் பகுதியில் அவருடைய தந்தையார் முடிதிருத்தும் கடை ஒன்று வைத்திருந்தார். குடும்பம் கடைக்கு மேல்மாடியில் வசித்தது. பிறப்பைக் கொண்டு தொழிலையும், தொழிலைக் கொண்டு மனிதனையும் அளக்கும் நோய் நம்மவரிடம் எத்தகையது என்பதை வாசகர்கள் அறிவார்கள். இங்கிலாந்தில் நோயின் பெயர் வேறு. ஆங்கே அது வகுப்பு என்றும், உச்சரிப்பு என்றும் வழங்கும். எனினும், கடைக்காரரின் மைந்தன் லிவர்ப்பூல் கொலிஜியட் பள்ளியில் நன்கு பயின்றான். அயல்மொழிகளைக் கற்று ஆசிரியனாக வேண்டும் என்பதே அவன் எண்ணம்.

யுத்தம் அவ்வெண்ணத்தைச் சிதைத்தது. 1941-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜெர்மானிய விமானங்கள் லிவர்ப்பூலின்மீது பல இரவுகள் தொடர்ந்து குண்டு பொழிந்தன. ஆம்புலன்ஸ் தொண்டராகப் பணிபுரிந்த தந்தையார் அத்தாக்குதலில் மாண்டார். பதினான்கு வயதுப் பிள்ளை தாயைக் காக்கும் கடமைக்கு உரியவனானான். அவன் படிப்பை விட்டுவிடவில்லை. லிவர்ப்பூல் சர்வகலாசாலையில் சேர இடமும் பெற்றான். பின்னர் இராணுவ சேவை குறுக்கிட்டது. இராணுவக் கல்விப் பிரிவைச் சேர்ந்த சார்ஜண்டாக ஜெர்மனியில் இருந்த காலத்தில், எழுதத் தெரியாத போர்வீரர்களுக்கு அவர்கள் வீட்டாருக்கான கடிதங்களை எழுதிக் கொடுத்தார். பிறருக்காகக் கடிதம் எழுதியவன் பிறர் நெஞ்சைப் படிக்கக் கற்றவன். மனைவிக்கு எழுதச் சொல்பவன் எதைச் சொல்கின்றான், எதை விழுங்குகின்றான், எங்கே தன்னைச் சற்று உயர்த்திக் கூறுகின்றான் என்பதெல்லாம் எழுதுகோலைப் பிடித்தவனுக்கே தெரியும். தோட்டங்களில் பிறருக்காகக் கடிதம் எழுதிக்கொடுத்த பழைய கிராணிமார் இதை நன்கு உணர்வர்.

சேவை முடிந்து திரும்பியவர், குடும்ப நிலையை எண்ணிச் சர்வகலாசாலை இடத்தை ஏற்காது விட்டார். கமர்ஷியல் யூனியன் என்னும் இன்ஷூரன்ஸ் கம்பெனியில், விபத்துக்கும் நஷ்டஈட்டுக்கும் உரிய பிரிவுகளில் குமாஸ்தாவாக அமர்ந்தார். பகலில் உத்தியோகம், மாலையில் வேவர்ட்ரீ சமூக நிலையத்து நாடகக் குழு. இவ்வாறு ஆறு ஆண்டுகள் கழிந்தன. நிரந்தரச் சம்பளமும், காலத்தால் வரும் உயர்வும், முடிவில் ஓய்வூதியமும் உள்ள உத்தியோகத்தை விட்டு, தமது 27-ஆம் வயதில், 1954-ஆம் ஆண்டில், பிரஸ்டன் நகரத்து நாடகக் கம்பெனியில் அவர் சேர்ந்தார். 27 வயது நடிப்புத் தொழிலைத் தொடங்கும் வயதன்று. பலர் அதைக் கைவிடும் வயது.

அக்காலத்து ஆங்கில மாகாண நாடகக் கம்பெனிகளின் முறையை ஈண்டு அறிதல் வேண்டும். ஒரு நாடகத்தை மாலையில் நடித்துக்கொண்டே, பகலில் மறுவார நாடகத்துக்கு ஒத்திகை பார்ப்பார்கள். பிரஸ்டன், உல்வர்ஹாம்ப்டன், ஸாலிஸ்பரி ஆகிய ஊர்களில் உழைத்த ராஸிட்டர், முதல் 19 மாதங்களில் சுமார் 75 வேடங்கள் தாங்கினார். பாத்திரத்தின் உள்ளக்கிடக்கையை ஆராய்ந்துகொண்டிருக்க நேரமேது? வசனத்தை மனத்தில் ஏற்ற வேண்டும், நடிக்க வேண்டும், மறக்க வேண்டும். சிலரை இம்முறை வெறும் இயந்திரமாக்கிவிட்டது. ராஸிட்டருக்கோ அது நினைவாற்றலையும் வேகத்தையும் அளித்தது. பின்னாளில் வாரத்துக்கு ஒரு தொலைக்காட்சி நாடகம் தயாரிக்க நேர்ந்தபோது அவர் சிறிதும் திணறாததற்குக் காரணம் இப்பயிற்சியே. 1959 முதல் 1961 வரை பிரிஸ்டல் ஓல்ட்விக் நாடகசாலையில் நடித்து மேலும் தேர்ச்சி பெற்றார்.

1962-ஆம் ஆண்டில் கவென்ட்ரி நகரத்து பெல்கிரேட் நாடகசாலையில், டேவிட் டர்னர் எழுதிய செமி-டிடாச்டு என்னும் நாடகத்தில் தலைமை வேடம் அவருக்குக் கிடைத்தது. சமூக ஏணியில் ஒரு படியேனும் ஏறிவிட வேண்டும் என்று துடிக்கும் ஓர் இன்ஷூரன்ஸ் ஏஜண்டின் வேடம் அது. யாருக்குப் பொருத்தமான வேடம் என்று சொல்லவும் வேண்டுமோ? ஆயினும் அந்நாடகம் லண்டனுக்குச் சென்றபோது வேடம் சர் லாரன்ஸ் ஒலிவியருக்குப் போயிற்று. புகழின் நிழலில் நின்ற லண்டன் தயாரிப்பு எதிர்பார்த்த வெற்றியைப் பெறவில்லை. 1963-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் அதே வேடத்தை ராஸிட்டர் நடித்தார். ஆங்கும் நாடகம் நெடுநாள் ஓடவில்லை. பெரிய பெயருக்கே பெரிய மேடை என்னும் வணிகர் கணக்கு, கலையின் கணக்கோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

நிற்க. ராஸிட்டரின் மேடைப் புகழுக்கு உண்மையான அடிப்படை, ஜெர்மானிய ஆசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட் 1941-ஆம் ஆண்டில் எழுதிய ஆர்ட்டூரோ ஊயி என்னும் நாடகமே ஆகும். ஹிட்லரின் எழுச்சியைச் சிக்காகோ நகரத்து பூக்கோசு வர்த்தகத்தைக் கைப்பற்றும் ஒரு ரௌடியின் கதையாக மாற்றி எழுதப்பட்டது அது. மைக்கேல் பிளேக்மோர் நெறியாள்கையில், 1967-ஆம் ஆண்டில் கிளாஸ்கோவிலும், 1969-ஆம் ஆண்டில் லண்டனிலும் ராஸிட்டர் அவ்வேடத்தை ஏற்றார். அதில் ஒரு காட்சி. மேடையில் எவ்வாறு நடப்பது, எவ்வாறு நிற்பது, எவ்வாறு கைகட்டி நிமிர்வது என்று ஒரு தேய்ந்துபோன கிழ நடிகனிடம் ரௌடி பாடம் கேட்கின்றான். முதலில் எல்லாம் நகைப்பாகவே இருக்கின்றது. அசட்டு மனிதன் ஒருவன் அசட்டுத்தனமாக நடை பயில்கின்றான். ஆனால் காட்சி முடியுமுன் அந்த நடை உலகம் கண்டு நடுங்கிய நடையாக மாறிவிடுகின்றது. எந்த இடத்தில் நம் சிரிப்பு தொண்டையில் சிக்கியது என்று நமக்கே தெரியாது.

இக்காட்சியின் தத்துவம் யாது? கொடுங்கோலன் விண்ணிலிருந்து இறங்கி வருவதில்லை. இல்லாத பெருமையை உடுத்திக்கொள்ளத் துடிக்கும் ஒரு சிறு மனிதனைத் தக்க வேளையில் தடுக்காமல் விடுவதால் அவன் உண்டாகின்றான். தன் தந்தையைக் கொன்ற யுத்தத்தைத் தொடங்கியவனின் நிழலுருவை ராஸிட்டர் நடித்தார். அவ்வேடத்தில் பல்லைக் கடிக்கவில்லை, சாபமிடவில்லை. அவனைச் சிறியவனாகக் காட்டினார். ஆயிரம் வசைமொழிகளினும் கடுமையான தண்டனை அது.

இதே சிறு மனிதனைத் துப்பாக்கியும் படையும் இன்றி, பழைய கம்பளிச் சட்டையோடு வாடகை வீட்டில் குடிவைத்தால் யார் வருவான்? அவனே ரிக்ஸ்பி. ராஸிட்டரை நாடறிந்த நடிகராக்கிய ரைஸிங் டேம்ப் என்னும் தொலைக்காட்சித் தொடரின் நாயகன் இவன். 1974 முதல் 1978 வரை யார்க்ஷயர் டெலிவிஷன் தயாரித்து, ஐ.டி.வி. ஒளிபரப்பியது. மொத்தம் 28 நாடகங்கள். எழுதியவர் எரிக் சாப்பெல். இவர் யார் தெரியுமா? மின்சார வாரியம் ஒன்றில் 20 ஆண்டுகளுக்கும் மேலாகக் கணக்குத் தணிக்கையாளராக இருந்தவர். ஒரு குமாஸ்தா எழுத, இன்னொரு குமாஸ்தா நடித்தார் என்பது இத்தொடரின் சிறப்புகளுள் ஒன்று.

கதைக்களம் ஈரம் ஊறிய சுவர்களையுடைய ஒரு வாடகை வீடு. வீட்டுக்காரன் ரிக்ஸ்பி கஞ்சன், கோழை, வீண்பெருமைக்காரன். கதவைத் தட்டாமலே குடியிருப்போர் அறைகளுள் நுழைபவன். ஆலன் என்னும் மருத்துவ மாணவனாக ரிச்சர்டு பெக்கின்ஸேலும், மிஸ் ஜோன்ஸ் என்னும் மாதாக பிரான்ஸஸ் டெலா டூரும், பிலிப் என்னும் கறுப்பின மாணவனாக டான் வாரிங்டனும் நடித்தனர். மிஸ் ஜோன்ஸை மணக்க ரிக்ஸ்பிக்கு ஆசை. மிஸ் ஜோன்ஸின் கண்ணோ பிலிப்மேல். பிலிப் தன்னை ஓர் ஆப்பிரிக்கத் தலைவரின் மகன் என்று சொல்லிக்கொள்கின்றான்.

இத்தொடர் வெளிவந்த காலத்தை மறந்து இதனை மதிப்பிட முடியாது. 1948-ஆம் ஆண்டில் விண்ட்ரஷ் கப்பல் மேற்கிந்தியத் தீவினரை இங்கிலாந்தில் இறக்கியது முதல், கறுப்பர்க்கு அறை இல்லை என்று சொல்லும் வீட்டுக்காரர் அந்நாட்டில் ஏராளம். 1965-ஆம் ஆண்டுச் சட்டம் பொது இடங்களில் நிறபேதம் காட்டுதலை மட்டுமே தடுத்தது. வாடகை வீட்டைத் தொடவில்லை. 1968-ஆம் ஆண்டுச் சட்டமே வீடு தருவதிலும் வேலை தருவதிலும் நிறம் பார்ப்பதை விலக்கியது. ஆகவே 1974-ஆம் ஆண்டில் திரையில் தோன்றிய ரிக்ஸ்பி, சட்டம் மாறி ஆறு ஆண்டுகளே ஆன, மனம் மாறாத ஒரு வீட்டுக்காரன். சட்டத்தை ஒரே நாளில் திருத்திவிடலாம். மனத்தைத் திருத்துவது யார் வேலை? அவ்வேலையில் நாடகத்துக்குப் பங்குண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் எத்தகைய நாடகத்துக்கு?

இங்கேதான் விமரிசகன் நிதானமாக ஆராய வேண்டும். 1965 முதல் 1975 வரை பி.பி.ஸி. ஒளிபரப்பிய டில் டெத் அஸ் டூ பார்ட் என்னும் தொடரில் ஆல்ஃப் கார்னட் என்றொரு பாத்திரம் உண்டு. நிறவெறி பேசுபவன். அவனை எள்ளி நகைப்பதற்காகவே ஜானி ஸ்பைட் அத்தொடரை எழுதினார். ஆனால் பார்த்தவர்களுள் பலர், "நாம் நினைப்பதைத்தானே இவன் சொல்கின்றான்!" என்று அவனோடு சேர்ந்துகொண்டனர். ஆசிரியரின் நோக்கம் நல்லது, விளைவு வேறாயிற்று. காரணம் என்ன? கார்னட்டின் வீட்டில் அவனை எதிர்த்து வாதிடுவோர் அவன் மகளும் மருமகனுமே. வசை மொழிக்கு இலக்கானவன் பெரும்பாலும் அவ்வறையில் இல்லை. இல்லாதவனை ஏசுவது எளிது. அதைக் கேட்டு மகிழ்வதும் எளிது.

ரைஸிங் டேம்ப் நாடகத்திலோ ஏசப்படுபவன் எதிரிலேயே நிற்கின்றான். அவ்வீட்டில் நன்றாக உடுத்துபவன் அவன், தெளிவாகப் பேசுபவன் அவன், பதறாதவனும் அவன். ரிக்ஸ்பியின் வாயிலிருந்து வரும் ஒவ்வோர் அசட்டுச் சொல்லையும் பிலிப் ஒரு புன்னகையோடு வாங்கி வைத்துக்கொண்டு, ஏற்ற நேரத்தில் வட்டியோடு திருப்பித் தருகின்றான். ஆகையால் பார்ப்போர் ரிக்ஸ்பியோடு சேர்வது கடினமாகின்றது.

ஓர் எடுத்துக்காட்டு. மாதர் மனத்தைக் கவரும் ஆற்றல் உள்ளதென்று சொல்லி, பிலிப் ஒரு மரக்கட்டையை ரிக்ஸ்பியிடம் கொடுக்கின்றான். அதை எரித்தால் எந்தப் பெண்ணும் மயங்குவாள் என்கின்றான். ஆப்பிரிக்கர் யாவரும் மந்திரத்திலும் மாயத்திலும் மூழ்கியவர்கள் என்று வாய் ஓயாமல் இகழ்ந்துவந்த ரிக்ஸ்பி, பயபக்தியோடு அக்கட்டையைக் கொளுத்தி அதன் புகையில் நிற்கின்றான்! கடைசியில் உண்மை வெளிப்படுகின்றது. அது அறையிலிருந்த துணி அலமாரியின் மரத்துண்டு. இதைவிடப் பெரிய பகுத்தறிவுப் பிரசங்கத்தை எந்த மேடையில் கேட்க முடியும்? மூடநம்பிக்கைக்கு நிறமும் இல்லை, தேசமும் இல்லை. பிறனை மூடன் என்பவனுடைய நெஞ்சிலேதான் அது சுகமாகக் குடியிருக்கின்றது. அதை அரை மணி நேரச் சிரிப்பில் புகட்டிவிட்டனர் சாப்பெலும் ராஸிட்டரும் வாரிங்டனும்.

இக்காட்சியை எழுத்தில் படித்தால் பாதிச் சுவைதான். மறுபாதி ராஸிட்டரின் உடம்பில் இருக்கின்றது. இடுப்பில் கையை ஊன்றி, முதுகைப் பின்னால் வளைத்து, மூக்கை உறிஞ்சி, கண்களை அங்குமிங்கும் ஓடவிட்டு, மூச்சுவிட இடமின்றி வசனத்தைக் கொட்டுவார். அவ்வேகம் வெறும் வித்தையன்று. நின்று யோசித்தால் தன் சொல்லின் பொய்மை தனக்கே தெரிந்துவிடும் என்று அஞ்சுபவனின் வேகம் அது. பிலிப்பை இகழும்போது அவர் முகத்தில் வெறுப்பைவிட அதிகமாகத் தெரிவது பொறாமை. அதற்கும் அடியில் தனிமை. நிறவெறியன் ஒரு பெரிய அரக்கன் என்றால் நாம் அவனிடமிருந்து விலகி நின்று தப்பித்துக்கொள்வோம். அவன் நம் அயலானைப் போன்ற, ஏன், நம்மையே போன்ற ஓர் அற்பன் என்றால் எங்கே தப்புவது? அற்பத்தனத்தை மன்னித்து விடும்படி ராஸிட்டர் நம்மைக் கேட்பதில்லை. தம் பாத்திரத்துக்காக இரக்கம் யாசிக்காத நடிகர் அவர்.

இனிக் குறைகளையும் கூறுதல் கடமை. பிலிப் என்னும் பாத்திரம் கண்ணியமாகப் படைக்கப்பட்டதெனினும், முழுமையாகப் படைக்கப்பட்டதன்று. அவனுடைய அச்சம் என்ன, கனவு என்ன, அந்நிய நகரில் அவன் தனிமை எத்தகையது என்பன அரிதாகவே பேசப்படுகின்றன. ரிக்ஸ்பியின் முகத்தைக் காட்டும் கண்ணாடியாகவே அவன் பெரிதும் பயன்படுகின்றான். கண்ணாடிக்கும் ஒரு கதை உண்டல்லவா? இத்தொடருக்கு மூலமான மேடை நாடகத்திலும், 1980-ஆம் ஆண்டுத் திரைப்படத்திலும், பிலிப் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவனல்லன், லண்டனை அடுத்த கிராய்டனிலிருந்து வந்தவன் என்பது வெளியாகின்றது. மதிப்பைப் பெறுவதற்கு அரசகுமாரன் என்று பொய் சொல்ல வேண்டியிருந்த ஓர் இளைஞனின் துயரம் அவ்விடத்தில் ஒரு மின்னல்போல் தோன்றி மறைகின்றது. தொலைக்காட்சித் தொடர் அதை எடுத்து ஆராய்ந்திருந்தால் இன்னும் உயர்ந்திருக்கும். அன்றியும், 1979-ஆம் ஆண்டில் பெக்கின்ஸேல் 31 வயதிலேயே மாண்டுபோனதால், அவரின்றி எடுக்கப்பட்ட திரைப்படம் பழைய நால்வரின் ஒத்திசைவைப் பெறவில்லை. பிலிப்பாக நடித்த வாரிங்டன், 2016-ஆம் ஆண்டில் மான்செஸ்டரில் லியர் மன்னனாக நடித்தார் என்பதையும் இங்கே குறிப்பிடுதல் தகும். ஒரு காலத்தில் கண்ணாடியாக நின்றவர் மகுடம் தரித்து மேடையின் நடுவே வந்தார்.

ரிக்ஸ்பி உலவிய காலத்திலேயே ராஸிட்டர் மற்றொரு முகத்தையும் காட்டினார். 1976 முதல் 1979 வரை பி.பி.ஸி. ஒளிபரப்பிய, டேவிட் நாப்ஸ் எழுதிய ரெஜினால்டு பெரின் கதை அது. பெரின் தின்பண்டக் கம்பெனி ஒன்றின் உத்தியோகஸ்தன். நல்ல வீடு, நல்ல மனைவி, நல்ல சம்பளம். ஒவ்வொரு காலையும் அதே ரயில் வண்டி. ஒவ்வொரு காலையும் அதே பதினொரு நிமிடத் தாமதம். அதே முதலாளி, அதே வெற்று வார்த்தைகள். இறுதியில் அவன் கடற்கரையில் தன் உடைகளை விட்டுவிட்டு, இறந்தவன்போல் மறைந்து விடுகின்றான். பின்னர் மாறுவேடத்தில் திரும்பிவந்து தன் சொந்த மனைவியையே மீண்டும் மணக்கின்றான்!

ரிக்ஸ்பி இல்லாத பெருமையை உடுத்திக்கொள்ளத் துடித்தான். பெரினோ இருக்கும் பெருமையை மணலில் கழற்றிப்போட்டுவிட்டு ஓடினான். இவ்விருவரையும் அக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தாலன்றி ராஸிட்டரின் கலை முழுதும் விளங்காது. இரண்டாம் பகுதியில் பெரின், எவருக்கும் பயன்படாத பொருள்களை விற்கும் கடை ஒன்றைத் திறக்கின்றான். தோற்க வேண்டும் என்றே திறந்த கடை. ஆனால் அது பெருவெற்றி பெற்று அவனை மீண்டும் முதலாளியாக்கிச் சிறைப்படுத்திவிடுகின்றது. வாங்கு வாங்கு என்று ஓயாமல் கூவும் இவ்வுலகத்தின்மேல் எறியப்பட்ட கூரிய அம்பு அது. மூன்றாம் பகுதியில் அவன் அமைக்கும் சமதர்மக் குடியிருப்பு முந்தியவற்றின் கூர்மையைப் பெறவில்லை என்பது என் அபிப்பிராயம். எனினும், மாதச் சம்பளம் வாங்குவோர் எவரும் முதற்பகுதியை முழுநிம்மதியோடு பார்த்துவிட முடியாது.

அவருடைய சினிமா வேடங்கள் சிறியவையே. பில்லி லையர் படத்தில் குமாஸ்தாவை அதட்டும் சவச்சடங்குக் கடை முதலாளி; 1968-ஆம் ஆண்டில் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த விண்வெளிப் படத்தில் ரஷ்ய விஞ்ஞானி; அதே இயக்குநரின் பேரி லிண்டன் படத்தில் கோழைத் தளபதி. ஜோன் காலின்ஸுடன் நடித்த சின்ஸானோ மது விளம்பரங்களால் அவரை அறிந்தவர்களும் பலர். கலைஞன் மது விற்கலாமா என்ற கேள்விக்கு, கூடாது என்பதே என் விடை. அவ்விளம்பரங்களிலும் அவர் அந்த அம்மையாரின் ஆடைமேல் மதுவைக் கொட்டும் அசடனாகவே வந்தார் என்பது உண்மையே. எனினும் அது போதிய சமாதானமாகாது. 1984-ஆம் ஆண்டில் வந்த டிரிப்பர்ஸ் டே என்னும் கடைசித் தொலைக்காட்சித் தொடரும் அவர் தகுதிக்கு ஏற்றதன்று. நல்ல எழுத்து கிடைக்காதபோது வேகம் மட்டுமே எஞ்சும் என்பதற்கு அது உதாரணம்.

உடன் நடித்தோர் அவரை ஒத்திகையில் கடுமையானவர் என்று கூறுவர். தாம் முதல் நாளே வசனம் முழுதும் அறிந்து வருவார். அறியாமல் வருவோரைப் பொறுக்கமாட்டார். ஆறு ஆண்டுகள் கணக்குப் பத்திரங்களோடு பழகிய குமாஸ்தாவின் ஒழுங்கு அதுவென்று நான் கருதுகின்றேன். கணக்கில் ஒரு காசு பிசகினால் இரவெல்லாம் தேடும் பழக்கம், சிரிப்பில் ஓர் அசை பிசகினாலும் தேடச் செய்தது.

அவர் கடைசியாக நடித்த நாடகம் ஜோ ஆர்ட்டன் எழுதிய லூட். சாவையும் சடங்கையும் போலீஸையும் ஈவிரக்கமின்றி எள்ளும் நாடகம் அது. அதில் லஞ்சம் வாங்கும் துப்பறியும் அதிகாரி டிரஸ்காட்டாக அவர் வந்தார். லண்டன் லிரிக் நாடகசாலையில் அந்நாடகம் நடந்துகொண்டிருந்தபோதே, அடுத்து மேடைக்குச் செல்ல வேண்டியவர், இருதய நோயால் மரணமடைந்தார். அதற்குச் சில வாரங்களுக்குப்பின், ஷேக்ஸ்பியரின் ஜான் மன்னனாக அவர் நடித்திருந்த பி.பி.ஸி. நாடகம் ஒளிபரப்பாயிற்று. முடிதிருத்தும் கடையின் மேல்மாடியில் வளர்ந்தவர் இறந்தபின் மன்னனாகத் தோன்றினார். அம்மன்னனும் இல்லாத வலிமையைக் காட்டிக்கொண்ட ஒரு பலவீனனே என்பது கவனிக்கத்தக்கது.

வாசகர்கள் இக்கதையிலிருந்து எதைக் கொள்ள வேண்டும்? கிராணி உத்தியோகத்தை விட்டு எல்லோரும் நடிகராகுங்கள் என்று நான் சொல்லவில்லை. நம் மேடைகளிலும் திரைகளிலும் நகைச்சுவை என்ற பெயரால் நடப்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள் என்றுதான் சொல்கின்றேன். கறுத்த மேனியையும், பருத்த உடலையும், திக்கும் நாவையும், ஏழையின் பேச்சையும் காட்டிச் சிரிப்பு மூட்டுவது எளிது. அங்கே எள்ளப்படுபவன் பதில் சொல்வதில்லை, எள்ளுபவன் நாணுவதுமில்லை. பிலிப் இல்லாத ரிக்ஸ்பி அது. நம் இளைஞர் மன்றங்கள் அடுத்த ஆண்டுவிழாவுக்கு நகைச்சுவை நாடகம் எழுதும்போது, இகழப்படுபவனை மேடையின் நடுவில் நிறுத்தி, அவன் கையில் நல்ல வசனத்தைக் கொடுத்துப் பாருங்கள். அப்போது கொட்டகையில் எழும் சிரிப்பின் ஒலியே வேறாக இருக்கும்.